சபுறா ராத்தா பால் கொடுத்த ஐந்து தரம்

மாடு விரட்டும் கேட்டிக் கம்பை நனைந்தபடி ஓங்கி வீசும்போது காற்றில் ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். எருமையின் முதுகில் விழுந்தால் அது மந்தமாக முடியும், மனிதர் முதுகில் விழுந்தால் துணி கிழிவதுபோல் முடியும். இந்த வித்தியாசத்தை நான் அறிந்தது எட்டு வயதில், இறக்காமத்து வயல்வாடியில்.

எங்கள் வீடு கல்முனைக்குடியில் கடலுக்குக் கிட்ட இருந்தது. மாரிக் காலத்தில் மட்டும் வாப்பா எங்களை வண்டிலில் ஏற்றிப்போய், வயல் நடுவே கட்டியிருந்த பெரிய வாடி வீட்டில் வைத்திருப்பார். அங்கே நெல் குத்தவும், மாடு பார்க்கவும், யானைக்குக் காவல் தீ மூட்டவும் இருந்தவர் சபுறா ராத்தா. அக்கரைப்பற்றுக் கடையொன்றில் வேலை செய்த புருசனைத் தேடி, இந்தியாக் கரையிலிருந்து கைக்குழந்தையோடு, கடதாசி எதுவுமில்லாமல் தோணியில் வந்தவர். வந்து பார்த்தால் புருசன் மவுத்தாகி, அடக்கமும் முடிந்திருந்தது. வாப்பாதான் வேலைக்குக் கூட்டிவந்தார். கோபம் வந்தால் "கள்ளத்தோணி" என்பார், இன்னும் கூடினால் கையில் அகப்பட்டதால் அடிப்பார். ஆனால் ராத்தா ஆக்கிய சோறுதான் வாப்பாவுக்கு இறங்கும், அவர் மடியில் படுத்தால்தான் எனக்கு நித்திரை வரும். நாங்கள் "ஓம்" என்கிற இடத்தில் அவர் "ஆமாங்க" என்பார். அதற்காக நான் "ஆமாங்க ராத்தா" என்று நையாண்டி பண்ணுவேன். அதற்கும் "ஆமாங்க" என்று சிரிப்பார்.

அந்த மாரியில் அவருடைய குழந்தை காய்ச்சலில் மவுத்தாகி, வாடிக்குப் பின்னால் அடக்கினோம். பத்து நாள் கழித்து, நினைத்ததற்கு ஒரு மாதம் முந்தியே, உம்மாவுக்குத் தம்பி பிறந்தான். உம்மா காய்ச்சல் ஏறி நினைவில்லாமல் கிடந்தார். கல்முனைக்கு மருந்துக்குப் போன வாப்பாவை வெள்ளம் மறித்து, மூன்று நாள் வரவிடவில்லை. போகும்போது "காவல் தீ நூரப்படாது, நூந்தா ஆனை பூந்திரும்" என்று சபுறா ராத்தாவிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தம்பி சீனித் தண்ணீரைத் துப்பினான். அழுகுரலும் மெலிந்துகொண்டே போனது. சபுறா ராத்தா என்னை நெல்லறை வாசலில் நிறுத்தி, "உங்க வாப்பாவக் கேக்காமக் குடுக்குறேன் பாப்பா, யாருட்டயும் சொல்லிராத" என்று உள்ளே போய் அவனுக்குப் பால் கொடுத்தார். அந்த மூன்று நாளில் ஐந்து தரம். நான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எண்ணப் பழகியிருந்ததால் கண்டதையெல்லாம் எண்ணுவேன். ஐந்தாவது தரம், பொழுது பட்ட மஃரிபு நேரம். அவர் உள்ளே இருக்கையில் மழை இறங்கித் தீ நூர்ந்துபோனது. கதிர் தள்ளிய பயிருக்குள் யானைகள் இறங்கிவிட்டன. மாட்டுக் கொட்டில் நொறுங்குகிற சத்தத்தையும், கட்டியிருந்த கன்று ஒன்று மிதிபட்டுக் கத்திய கத்தலையும் கேட்டுக்கொண்டு நாங்கள் இருளில் கிடந்தோம்.

விடிய வாப்பா மாமாவோடு வந்து சேர்ந்தார். வயலைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், பிறகு கம்பை எடுத்தார்.

"எங்கடி போன? தீய உட்டுப்போட்டு எங்க போன?"

சபுறா ராத்தாவின் முதுகுச் சட்டை கிழிந்து, ஒரு அடி வாயில் பட்டு முன்பல் தெறித்த பிறகுதான், "புள்ளைக்குப் பால் குடுத்தேங்க" என்றார். வாப்பா இன்னும் ஓங்கினார். பொலிசில் கொடுப்பேன், கப்பலில் ஏற்றுவிப்பேன் என்று கத்தினார்.

ஓதிப் படித்தவரான மாமா கம்பைப் பிடித்துக்கொண்டார். "பொறுங்க மச்சான். அஞ்சு தரம் வயிறு நிறையக் குடிச்சிருந்தா மார்க்கப்படி இவ நம்மட புள்ளைக்குப் பால் உம்மா. புள்ளட உம்மாவயா பொலிசில குடுக்கப்போறீங்க? நாலெண்டா வேற கதை. ஆரு கண்ட?"

"அஞ்சு வாட்டிங்க. பாப்பா வாசல்ல நின்னுச்சு, கேளுங்க."

வாப்பா என் பக்கம் திரும்பினார். கம்பு நுனியில் இரத்தமும் சட்டை நூலும் ஒட்டியிருந்தன. "நீயும் காவலா நிண்டயாடி?"

"நான் காணல்ல" என்றேன்.

சபுறா ராத்தா என்னைப் பார்த்தார். வாயிலிருந்து வடிந்ததைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க. பாப்பா பாக்கல, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

வெள்ளம் வற்றியதும் பொலிஸ் ஜீப் வந்தது. அவர் ஏறும்போது உள்ளே தம்பி அழுதான். அந்தச் சத்தம் கேட்டு அவருடைய சட்டையின் முன்பக்கம் நனைந்து ஈரம் பரவியதை எல்லோரும் கண்டார்கள்.

தம்பியிடம் இதை ஒருநாளும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று ஐம்பது வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். சுனாமியன்று கடல் அவனை வீட்டோடு அள்ளியது. மூன்றாம் நாள், உடைந்த மதிலுக்குள் இருந்து இழுத்தெடுத்தபோது வாய் நிறைய மண். வாடி வீடு அதற்கு முன்னமே சண்டைக் காலத்தில் எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் ஒரு தூண்கூட இல்லை.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு இந்தியாவிலிருந்து துணி வியாபாரிகள் வருகிறார்கள். போன மாதம் அக்கரைப்பற்றுச் சந்தையில் ஒருவர் "வாங்கம்மா, பாருங்க" என்றதும் என் கால் நின்றுவிட்டது. பிற ஆண்களோடு கதைத்துப் பழக்கமில்லாத நான், அவருடைய ஊரில் சபுறா என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டேன்.

"சபுரான்னா எங்க ஊர்ல தெருவுக்குப் பத்து பேருங்க" என்று சிரித்தார்.

"அவ அஞ்சு தரம் குடுத்தா. நான் கண்டேன்" என்றேன், சந்தையே திரும்பிப் பார்க்கும்படி.

அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு, "சரிங்கம்மா, எத்தன மீட்டர் வெட்ட?" என்றார்.