வெள்ளைக் கோட்டு டாக்டரின் அழைப்பு

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவளுக்குத் தெரியாத ஆள்தான் தெய்வம். தெரிந்தவர்கள் ஓசியில் வேலை வாங்கிக்கொண்டு, "நம்மளுக்குள்ள என்ன?" என்று பல்லிளிப்பார்கள். அதனால் போனில் யார் நட்பு அழைப்பு அனுப்பினாலும் மெஷின்காரி ஏற்றுக்கொண்டுவிடுவாள். ஒருமுறை மட்டும், ரோஜாப்பூ படம் வைத்திருந்த யாரோ ஒருவரை டுபாக்கூர் என்று நினைத்து முடக்கிவிட்டாள். அது ஒரு பெரிய விடுதியின் மேலாளர். விடுதியின் மெஷின்கள் அத்தனையும் வேறு ஆளிடம் போய்விட்டன.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "மெஷின்ல என்ன சத்தம் வருது? ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க." சத்தம் அனுப்பினால் வாடிக்கையாளர். "ஹாய் டியர்" என்று வந்தால் மோசடி ஆசாமி.

அதோடு விட்டால் அவள் மெஷின்காரியா? எதையும் பிரித்துப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது, அது மோட்டாராக இருந்தாலும் சரி, ஊர் வம்பாக இருந்தாலும் சரி. ராணுவ உடுப்பு போட்ட ஒருவன், "உன் இதயத்தைத் திறக்க வந்திருக்கிறேன்" என்று எழுதினான். "அதுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர்?" என்று கேட்டாள். அவன் அத்தோடு காணாமல் போனான்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே," என்றான் புருஷன்.

"யாரோ ஒருத்தன் எங்கயோ உக்காந்து டைப் அடிக்கிறான்ல? அவன் யாரு, எந்த ரூம்ல இருக்கான், அவன் துணியை யாரு துவைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"அடிப்பாவி!" என்று சொல்லிவிட்டு அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலையில் போனில் ஒரு டாக்டரின் அழைப்பு வந்தது. படத்தில் வெள்ளைக் கோட்டு, காதோரம் நரை, கழுத்தில் குழாய், கண் டாக்டராம். பின்னால் தொட்டியில் ஒரு செடி வாடிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனுஷன், முதலில் அந்தச் செடியைப் பார்க்கக் கூடாதா? சிரித்துக்கொண்டே போனை வைத்தவளுக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

ஒரு மெஷினைக் கவிழ்த்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று நினைவு வந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரியின் போன்! "கப்பல்ல வேலை பாக்குற ஹார்ட் டாக்டர்டி. பழக்கம்," என்று போன வாரம்தான் காட்டினாள். அதே கோட்டு, அதே வாடின செடி, பேரும் வைத்தியமும் மட்டும் வேறு.

தையல்காரியின் புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகனும் வெளியூரில் குடும்பமாகிவிட்டான். புதுத் தையல் மெஷின் வாங்க அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருக்கிறாள். கொஞ்ச நாளாகத் தலையைப் படிய வாரிக்கொண்டு, தைக்கும்போதே தனக்குள் சிரித்துக்கொண்டிருந்ததன் காரணம் மெஷின்காரிக்கு இப்போது புரிந்தது. பாவி மகன், இருப்பதையெல்லாம் உருவிக்கொண்டு போய்விடுவானே!

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். தையல்காரி திரைக்குப் பின்னால் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தாள். போன் தையல் மெஷின்மேல் கிடந்தது. அதன் பூட்டைத் திறக்க மெஷின்காரிக்குத் தெரியும், பல வருஷப் பழக்கமாயிற்றே. முதலில் கரண்ட்டைப் பிடுங்கு, அப்புறம் கையை உள்ளே விடு என்பது அவள் தொழிலின் பாலபாடம். டாக்டரை முடக்கினாள், புகார் கொடுத்தாள், பேசியது அத்தனையையும் அழித்தாள். தெரியாத யாரும் இனிமேல் அழைப்பு அனுப்ப முடியாதபடி அடைத்தும் வைத்தாள். எதையும் பிரித்துப் பார்க்கிறவள், அந்தப் பேச்சில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. தோழியின் அந்தரங்கம் என்ற மரியாதைதான்.

வாடிக்கையாளர் போனதும் தன் போனை நீட்டினாள். "நல்லவேளை, காப்பாத்திட்டேன்டி. உன் டாக்டர் எனக்கும் அழைப்பு அனுப்பியிருக்கான் பாரு!"

தையல்காரி எட்டிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. "ஓ, உன்கிட்ட கண் டாக்டரா? எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்னடி தெரியும்?"

"அவன் டாக்டரே இல்லைன்னு. வந்த கொஞ்ச நாள்லயே பணம் கேட்டான். இல்லைன்னுட்டேன். கப்பல் முழுகுதுன்னான். நீந்தி வாங்கன்னேன்."

"அப்புறம் எதுக்குடி அவன்கூடப் பேசிக்கிட்டிருந்தே?"

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மத்தியானம் ஆனா, சாப்பிட்டியான்னு கேப்பான்."

"அதை ஊருக்கே அனுப்புறான்டி! அது அவன் பொழப்பு!"

"இருக்கட்டுமே. எவ போட்டுப் பாத்தாலும், உங்களுக்கு எடுப்பா இருக்குன்னு நான் சொல்றதில்லையா? அது என் பொழப்பு. ஆனா அவங்க சந்தோஷமாத்தானே போறாங்க. அவன் கேட்டாத்தான்டி எனக்குப் பசின்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரும். டப்பாவைத் திறப்பேன்." போனை எடுத்து மேலும் கீழும் தள்ளினாள். "எங்க அவன்?"

"அழிச்சிட்டேன்," என்றாள் மெஷின்காரி. "எல்லாத்தையும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதிலுக்கு ரெண்டு கத்தியிருப்பாள். தையல்காரி சும்மாதான் கேட்டாள். மெஷின்காரிக்கு வெட்கமாக இருந்தது. அவள் வீட்டில் மாமியார் மத்தியானம் தவறாமல் போன் போட்டு, "சாப்பிட்டியா, இல்லியா?" என்று உயிரை வாங்குவாள். அதற்கு எரிந்து விழுவதுதான் மெஷின்காரியின் வழக்கம். ரெண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். கத்தரிக்கோல் கேட்டு இங்கே வந்திருக்கிறாள், சில்லறை கேட்டு வந்திருக்கிறாள், வம்பு கேட்டு வராத நாளே கிடையாது.

"சாப்பிட்டியாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தையல்காரி சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னும் இல்ல," என்றாள். சிரிப்பு அடங்கியதும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"நாளைக்கும் கேப்பியா?"