'சுரண்டு' என்பதற்கு ஒரு வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு 'எங்கே கேட்டே' என்று பட்டப்பெயர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்கு உதாரணம் வேண்டுமென்றால் சொந்தமாகச் சமைக்கக் கூடாது. யாராவது பேசிக் காதால் கேட்ட வாக்கியமாக இருக்க வேண்டும். பேசியவரிடம் ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்கள் கண்டும் காணாமலும் விடுவார்கள். இவளோ, யார் எதைக் கொண்டுவந்தாலும் "எங்கே கேட்டே?" என்று குடைந்து உயிரை எடுப்பாள்.

அன்றைக்கு 'சுரண்டு' அவள் மேசைக்கு வந்தது. பொருளையும் பிறப்பையும் எழுதுவதில் சிரமமே இல்லை. நகத்தாலோ கரண்டியாலோ தேய்த்து எடுப்பது முதல் பொருள். அடியில் ஒட்டியதைக்கூட விடாமல் வழித்தெடுப்பதிலிருந்துதான், அடுத்தவர் உழைப்பை உறிஞ்சிப் பிழைப்பது என்ற பொருள் கிளைத்தது. முதல் பொருளுக்கு டீ போடும் அம்மா கைகொடுத்தார்: "சட்டியை ரொம்பச் சுரண்டாதீங்க, தீஞ்ச வாசனை வரும்." இரண்டாவது பொருளுக்கு அவள் காதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். சொன்னது அவள் தங்கை.

கைக்குழந்தையோடு அக்கா திண்டாடியபோது, பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் தங்கை. குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை அவளை யாரும் போகச் சொல்லவில்லை. சமையல், துணி, குழந்தையின் காய்ச்சல் எல்லாம் அவள் தலையில் விடிந்தது. அக்கா வேலை முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு, அன்றைய சொற்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். கெட்டவள் இல்லை, பாவம்; கண் இருந்தும் பார்க்கவில்லை. ஒருநாள் தங்கை பெட்டியோடு வாசலில் நின்றாள். "நீ என்னைச் சுரண்டித் தின்னுட்ட, அக்கா" என்றாள். போனவள் போனவள்தான்.

அதன்பிறகு அக்கா ஏங்கிப்போனாள். குக்கர் விசில் அடித்தால்கூட, அடுக்களையில் தங்கை நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்ப்பாள். ஆனால் போன் பண்ண வீம்பு விட்டால்தானே! இப்போது வேலையே ஒரு சாக்கைக் கொடுத்தது. மாடிப்படி ஓரமாகப் போய் நின்று எண்ணை அழுத்தினாள்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"அகராதிக்கு ஒரு வாக்கியம் வேணும். அன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னியே, அதைப் போட்டுக்கலாமான்னு..."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா?"

'வீட்டுக்கு வாயேன்' என்றுதான் சொல்ல நினைத்தாள். "ஆமா" என்று சொல்லித் தொலைத்தாள்.

"போட்டுக்கோ. ஆனா கடைசியில 'அக்கா'ன்னு வருதுல்ல, அதை மட்டும் எடுத்துடு."

"ஏன்டி?"

"அந்த ஒரு வார்த்தையாவது என்கிட்ட இருக்கட்டும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அவள் மேசைக்கு வந்து வாக்கியத்தை எழுதினாள். 'அக்கா'வை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள், கை வரவில்லை. இன்றைய பேச்சில் தங்கை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சொன்னவங்ககிட்ட கேட்டாச்சா?" என்றார் பதிப்பாசிரியர்.

"கேட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தை முழுசாக அப்படியே அச்சுக்குக் கொடுத்தாள்.