எதிர்வீட்டு கேட்டும் என் புள்ளிகளும்

போன செவ்வாய்க்கிழமை காலை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் ஆள் இறங்கினான். இங்குட்டும் அங்குட்டும் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, மூடியிருந்த கேட்டுக்கு நேராகப் பிடித்தான்.

ஒரு கேட்டை ஒருத்தர் போட்டோ எடுத்தால் இன்னொருத்தருக்கு என்ன? ஆனால் என் கையிலிருந்த ஈரத்துண்டு நழுவித் தெருவில் விழுந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் சில வாரங்கள் பின்னால் போக வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் வழியாகக் கடை போர்டுகளாக போட்டோ எடுத்துத் தள்ளினாள். விசாரித்தால், ஒரு ஆப்பாம். போட்டோ அனுப்பினால் புள்ளி தருமாம். புள்ளி சேர்ந்தால் போன் ரீசார்ஜ், கூப்பன், இப்படி ஏதாவது கிடைக்குமாம். “சும்மா இருக்குற நேரத்துக்கு நல்லதுக்கா” என்றாள்.

சும்மா இருக்கிற நேரம்... அது யாரிடம்தான் இல்லை? பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் என் போனிலும் ஆப் ஏறிவிட்டது.

முதலில் எல்லாம் பிள்ளை விளையாட்டுதான். இந்த மெடிக்கல் ஷாப் எத்தனை மணிக்குத் திறக்கிறது? அந்த ஏடிஎம் வேலை செய்கிறதா? செக்காலை ரோட்டில் வெயில் மண்டையைப் பிளக்க, ஸ்கூட்டரை நிறுத்தி நிறுத்தி போட்டோ எடுத்தேன். “நீ வாங்குற புள்ளியைவிட வண்டி குடிக்கிற பெட்ரோல் ஜாஸ்தி” என்றார் என் வீட்டுக்காரர். உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரையில் கலர் காகிதம் பறந்து ‘அருமை!’ என்று வருகிறதே! இந்த வயதில் என்னை யார் அருமை என்கிறார்கள்?

அப்புறம் ஒரு நாள் புது வேலை வந்தது. பெட்ரோலே வேண்டாம். என் தெருவில் உள்ள வீடுகளின் முகப்பை போட்டோ எடுத்து, சில கேள்விகளுக்கு டிக் அடித்தால் போதும். புள்ளியும் வழக்கத்தைவிடப் பல மடங்கு.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய வீடுகள். பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும். உரியவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் கதவு திறக்கும். வேலை சுலபம் என்று இறங்கிவிட்டேன். பூட்டிய வீடுகளை முடித்துவிட்டு எதிர்வீட்டுக்கு வந்தேன். ஜமீலாவின் வீடு.

கேமரா இருக்கிறதா? — இல்லை. நாய்? — இல்லை. வசிப்பவர்கள் யார்? ‘குடும்பம்’, ‘முதியவர்’, ‘காலி வீடு’, ‘பெண், குழந்தை மட்டும்’. நான் நேர்மையான பெண்மணி இல்லையா? ஜமீலாவின் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் அவளும் எல்.கே.ஜி. படிக்கும் மகளும்தான். கடைசிப் பதிலுக்கு டிக் அடித்தேன்.

கலர் காகிதம் பறந்தது. அருமை!

மறுநாள் சாயங்காலம் ஜமீலா வாசல் கொடியில் கைலி ஒன்றை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன ஜமீலா, ஊர்லேருந்து வந்துட்டாரா?” என்று கேட்டேன்.

அவள் கேட் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். “இல்லக்கா. அவுக போயி ரெண்டு மாசமாச்சு. நாந்தேன் வாரத்துக்கு ஒரு தடவ இதை நனைச்சுக் காயப்போடுறேன்.”

“எதுக்கு?”

“ரோட்டுல போறவுக பாக்கட்டும்னுதேன். ஆம்பள இருக்காகன்னு நெனைக்கணும்ல? அந்தச் செருப்பும் அதுக்குத்தேன் வெளிய கெடக்கு. அவுக ஊருக்குப் போயிருக்கிறத உங்களத் தவிர இந்தத் தெருவுல யாருக்குஞ் சொல்லலக்கா.”

படியில் கிடந்த பெரிய செருப்புகளைப் பார்த்தேன். அவள் பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்த ஒரு வேலியை, நான் விரல் நுனியால் பிடுங்கிப் போட்டிருந்தேன். என் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னாளாம்!

வீட்டுக்குள் ஓடிப்போய் ஆப்பைத் திறந்தேன். ‘சமர்ப்பித்த பணியைத் திருத்த இயலாது.’ உதவி என்ற இடத்தில் எழுதினேன். ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று உடனே பதில் வந்தது. எந்தக் கம்பெனி, எந்த ஊர்? தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு முகவரி இல்லை. என் பெயர், என் போன் நம்பர், என் தெரு, எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அவர்களைப் பற்றி என்னிடம் ஒன்றுமே இல்லை!

ஜமீலாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பயத்தை மட்டும் வளர்த்தேன். ஆட்டோ மெதுவாகப் போனால் ஜன்னலுக்கு ஓடுவேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் எதிர்வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டார் — கீழே இறங்கிப்போய் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, “என்னம்மா, பில்லு ஜாஸ்தியா வந்துருச்சா?” என்றார்.

“ஏன் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கே?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. “இன்னைக்கே அந்தப் புள்ளைகிட்ட சொல்லிரு” என்றார். அன்றைக்கும் சொல்லவில்லை.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அந்த பைக்.

படியிறங்கி எப்படி ஓடினேன் என்று தெரியாது. “யாரு நீங்க? இங்க என்ன பண்றீக?” என்று கத்தினேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

அந்த ஆள் திடுக்கிட்டதில் போன் கீழே விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினான். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் வியர்வை. “அக்கா, சத்தம் போடாதீகக்கா. நான் திருடன் இல்ல. பக்கத்துல கல்லல் ஊர்லேருந்து வாரேன். செக்காலையில ஒரு வேலை இருந்துச்சு. அப்படியே இந்த ஆப்பு வேலையையும் முடிச்சிரலாம்னு...”

போனை எடுத்து என்னிடம் நீட்டினான். திரையில் இருந்தது நான் எடுத்த போட்டோ! ஓரத்தில் என் ஸ்கூட்டரின் கண்ணாடி தெரிகிறது. அதற்குக் கீழே: ‘பெண், குழந்தை மட்டும். சரியா? நேரில் உறுதி செய்யவும்.’

நான் அனுப்பியதை யாரோ படித்திருக்கிறார்கள். படித்தது போதாமல் நிச்சயப்படுத்திக்கொள்ளவும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

“யாருக்காக இதை எடுக்குறீக?” என்றேன்.

“தெரியலையேக்கா. வேலை வரும், முடிப்பேன், புள்ளி ஏறும். யாரு கேக்குறாக, எதுக்குக் கேக்குறாக... நான் யோசிச்சதே இல்ல.”

“இந்த போட்டோவை எடுத்தது நாந்தான். எனக்கும் தெரியாது.”

அவன் என்னைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மெதுவாக அவன் முகம் மாறியது.

“அக்கா... முந்தாநாள் எங்க தெருவையும் அனுப்பிட்டேன். எங்க வீட்டையும் சேத்துத்தான். பகல்ல எங்க ஆத்தா மட்டுந்தேன் இருக்கும். அதையும் டிக் அடிச்சுட்டேன்.”

அடுத்த நிமிடம் நடுத்தெருவில் நின்றுகொண்டு போன் போட்டான். “ஆத்தா... எங்க இருக்க? கதவைச் சாத்து. இல்ல, ஒண்ணுமில்ல, சும்மா சாத்து. யாரு கூப்புட்டாலும் தொறக்காத. நான் இந்தா வந்துட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் பைக் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

திரும்பினேன். கேட்டுக்குள் ஜமீலா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மிச்சத்தை நானே சொன்னேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்!

“எம் மகளையுமா அக்கா எழுதுனீக?” என்று ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது.

மறுநாள் என் வீட்டுக்காரரும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சைபர் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். “ஒண்ணும் நடக்கலையேம்மா, ஏன் இவ்வளவு பயப்படுறீக?” என்றார். ஒன்றும் நடக்கவில்லைதான். நடந்திருந்தால் பயம் அன்றோடு முடிந்திருக்கும். இப்போது அது எப்போது முடியும்?

ஒருவேளை அது நிஜமாகவே ஏதோ சர்வேயாக இருக்கலாம். கேபிள் கனெக்ஷன் விற்பவர்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள் யாராவது கேட்டிருக்கலாம். எனக்கு நானே தினம் இதைச் சொல்லிக்கொள்கிறேன். வாசலில் பைக் நின்றால் அந்தச் சமாதானமெல்லாம் பறந்துவிடுகிறது. ஜமீலாவின் தம்பி இப்போது அவளோடு வந்து தங்கியிருக்கிறான். கேட்டுக்கு மேலே கேமரா மாட்டியாகிவிட்டது. பூட்டிய வீடுகளின் உரிமையாளர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆப்பை அழித்துவிட்டேன். விஷயம் தெரிந்த தோழி ஒருத்தி, “அது சரி, அந்த ஆப்ல போட்ட உழைப்புக்குத் தக்க பலனாச்சும் இருந்துச்சா?” என்று கேட்டாள். உழைப்பா? கடை போர்டு எடுத்தபோது வெயிலில் அலைந்தேன், அற்பப் புள்ளி தந்தார்கள். எதிர்வீட்டைக் காட்டிக்கொடுக்க உழைப்பே தேவைப்படவில்லை. அதற்குத்தான் அள்ளிக் கொடுத்தார்கள். அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

ஜமீலா என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள். நேற்றுகூட மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். முன்பென்றால் எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள், என்ன வாங்கப் போகிறாள் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். “எங்க கிளம்பிட்டீக ரெண்டு பேரும்?” என்று கேட்டேன்.

“இங்குட்டுத்தான் அக்கா” என்றாள்.

நான் விற்றதில் எனக்குச் சொந்தமானது எதுவுமே இல்லையே... அதுதான் இன்னும் உறுத்துகிறது!