ஓடக்காரிக்குப் போட்ட போஸ்டர்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், கிளிப், ரிப்பன், பிளாஸ்டிக் பூ. மத்தியானம் அத்தா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்துக்குக் கல்லாவில் நான் உட்காருவேன். அந்த வெயிலில் கடைக்கு ஈ, காக்கா வராது. அப்படி உட்கார்ந்துகொண்டுதான் நான் ஒரு ராஜ்ஜியத்தை நடத்தினேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். ஒரு பெரிய ஆற்றையும் அதன் இரு கரை நாடுகளையும் வைத்துத் தடிதடியாகக் கதைகள் எழுதியவர். அந்த உலகத்துக்குள் நாங்கள் கொஞ்சம் பேர் புகுந்து விளையாடினோம். ஓடிப் பிடிக்கிற விளையாட்டு இல்லை, போனில் எழுதி ஆடுகிற விளையாட்டு. ஆளுக்கு ஒரு வேஷம். அந்த ஆற்றங்கரைத் துறையில் ஒருத்தி ஓடக்காரி, ஒருவர் கொல்லன், நான் சுங்கக்காரி. கொல்லன் வீட்டுக் கதவைத் தட்டினேன் என்று நான் குரூப்பில் எழுதினால், திறப்பதா வேண்டாமா என்று கொல்லன் எழுதுவார். அப்படியே கதை நீளும்.

ஆரம்பிக்கும் முன்பே எழுத்தாளருக்கு மெயில் போட்டு அனுமதி கேட்டேன். கொடுத்தார், கூடவே நிபந்தனைகளும் கொடுத்தார். அவர் பெயர் வைத்த ஆட்களை நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது, எங்கள் ஆட்களை நாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அவர் புத்தகத்துப் படங்களைப் போடக் கூடாது. இதை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது. கடைசியாக ஒன்று: செத்தவரை எழுப்பக் கூடாது. அவர் கதைகளில் மந்திரம் உண்டு, பேசுகிற மீன் உண்டு. ஆனால் செத்தவர் யாரும் திரும்பி வந்ததில்லை. என் உலகம் நிற்பதே அதன் மேல்தான், அதை மீறினால் அன்றைக்கே அனுமதியை எடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

அவர் போட்டது போதாதென்று நானும் போட்டேன். விதி போடுவது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அடுத்தவர் ஆளைத் தொடக் கூடாது. ஒருவருடைய ஆள், அவர் வீடு, அவர் பிள்ளை, அவர் ஆடு, இதெல்லாம் என்ன ஆகும் என்பதை அவர்தான் எழுத வேண்டும். கதைக்கு வெளியே ஏதாவது பேசுவதாக இருந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் பேச வேண்டும். அப்புறம் போட்டோ. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முகம் வேண்டுமே என்று ஆளாளுக்கு சினிமா நடிகை படத்தைப் போட, எங்கள் துறையில் இருந்த பொம்பளைகள் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. எரிச்சலாகிவிட்டது. போட்டால் சொந்தப் போட்டோ போடு, இல்லாவிட்டால் போடாதே என்று சொல்லிவிட்டேன்.

ஓடக்காரியாக எழுதியவள் இருப்பது மலை மேலே, வெள்ளிமலைப் பக்கம். பிறந்த வீடு எலவனாசூர்கோட்டை. மலைக்குப் போய் மளிகைக் கடை வைத்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர், மாமியார், அவள், மூன்று பேரும் மாறி மாறிக் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே சிக்னல் ஒரு வேண்டாத விருந்தாளி மாதிரி, எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும். தண்ணி பிடிக்கப் போகிற சாக்கில் அவள் அங்கே நின்று எழுதுவாள். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் எல்லாரையும்விட அவள்தான் நன்றாக எழுதுவாள். கடையில் சர்க்கரை நிறுத்துக்கொண்டே அடுத்த வரியை யோசித்து வைப்பேன் அக்கா, அந்த நேரம்தான் எனக்குன்னு இருக்கிற நேரம் என்று ஒருமுறை சொன்னாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கதையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. யாராவது ஒருவர் போனால்தான் வெள்ளத்துக்கு மரியாதை என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். நான் போறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓடக்காரிக்கு ஒரு சின்ன மகள் உண்டு. படகு கை நழுவிப் போகிற சமயத்தில் மகளைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு ஓடக்காரி மட்டும் ஆற்றோடு போகிறாள். இதை எழுதி அனுப்பினாள். கடையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சீப்பு கேட்ட பெண்ணுக்கு சோப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கே மலையில் மழை பிடித்துக்கொண்டு டவர் போய்விட்டது. அதனால் அதற்குப் பிறகு குரூப்பில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

குரூப்பில் நடந்தது பெரிய எழவு. எல்லாரும் அழுதார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். கொல்லனாக எழுதுகிறவர் உளுந்தூர்பேட்டையில் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எது நடந்தாலும் ஆர்டர் அவருக்குத்தான் போகும். அவர் கை சும்மா இருக்குமா? ஓடக்காரியின் போட்டோவை எடுத்தார். விதிப்படி அது அவளுடைய சொந்தப் போட்டோ, கல்யாணத்துப் பட்டுப் புடவையில். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வெள்ளைப் புறா, கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி, கீழே வெள்ளத்தில் பிரிந்த எங்கள் ஓடக்காரிக்கு, இப்படிக்கு வருந்தும் துறைவாசிகள். கச்சிதமாக இருந்தது. அந்தப் பெருமையில் தன் ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டார்.

அடைப்புக்குறி எல்லாம் எங்களுக்குள் தானே? வெளியே இருக்கிறவர்களுக்கு அது என்ன தெரியும்? ஃபிளக்ஸ் கடைக்காரர் ஸ்டேட்டஸில் சாவு போஸ்டர் வந்தால் சாவு என்றுதான் அர்த்தம். எலவனாசூர்கோட்டையில் யாரோ பார்த்து, நம்ம பொண்ணாச்சே என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார்கள். போட்டோவையும் மேலே இருந்த இரண்டு வார்த்தையையும் பார்த்தார்கள், கீழே வெள்ளம் என்ற வார்த்தைக்கு மேல் யார் படித்தார்கள்? மலைக்குப் போன் போட்டால் போகவில்லை. மழை வேறு, வெள்ளம் என்று வேறு போட்டிருக்கிறது. மாலையும் கையுமாக ஒரு வேன் நிறைய ஆட்கள் மலை ஏறிவிட்டார்கள்.

அவர்கள் போய் இறங்கும்போது அவள் கடை வாசலில் யாருக்கோ பருப்பு அளந்துகொண்டிருந்தாளாம். அவளுடைய அம்மா ஓடி வந்து முதலில் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கிறார். அப்புறம்தான் கட்டிப் பிடித்து அழுதது. வாங்கி வந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பெரியப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது, தண்ணித் தொட்டி உட்பட.

இரண்டொரு நாள் கழித்து வீட்டுக்காரரின் போனிலிருந்து அவள்தான் எனக்கு இதைச் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அவளுடைய போனை மாமியார் வாங்கிக் கடையின் மேல் தட்டில், உப்பு மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டார் என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டாராம், பூசணிக்காய் உடைத்தாராம். அதோடு ஒரு கண்டிஷன். வாழ்கிற பெண்ணின் மூஞ்சியைப் போட்டுச் சாகடித்து வைத்திருக்கிறார்கள், அது அப்படியே இருந்தால் வீட்டுக்கு ஆகாது. கதையில் அவளை உயிரோடு எழுப்பச் சொல். எழுப்பிய பிறகு போனைத் தருகிறேன், எழுதுவதானால் எழுதிக்கொள். இல்லாவிட்டால் போனும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவங்கம்மா எதிர்ல அவரு எப்பக்கா பேசியிருக்காரு என்றாள்.

எழுப்பினால் அனுமதி போய்விடும், எழுப்பாவிட்டால் அவள் போய்விடுவாள். அவள் இல்லாத துறையில் எனக்கு என்ன வேலை? யோசித்து யோசித்துக் கடைசியில் எழுத்தாளருக்கே எழுதினேன். போஸ்டர், வேன், மாலை, மாமியார், ஒன்றையும் மறைக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்காக இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்கிறேன், எழுப்பிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நான் சந்தோஷத்தில் கடையில் இருந்த ஒரு குழந்தைக்கு ரிப்பனை இனாமாகக் கொடுத்தேன்.

அவள் வீட்டுக்காரரின் போனுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாங்கா," என்றாள். "எழுதினவரு வுட்டாலும் நான் வுட மாட்டேன். அந்தச் சாவை நான் எழுதினேன். எழுப்பிட்டா அப்புறம் அது இன்னா சாவு?"

வந்த கோபத்துக்கு அளவில்லை. போனே இல்லாமல் நீ எங்கே எழுதப் போகிறாய், சுவத்திலா என்று கத்தினேன். அத்தா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து யார் என்ன என்று கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள். கத்தின பிறகுதான் உறைத்தது. செத்தவரை எழுப்பக் கூடாது என்று எல்லாருக்கும் அதட்டி அதட்டிச் சொன்னவள் நான். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த வாரம் அத்தாவிடம் எப்படியோ சம்மதம் வாங்கி வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் மாமியாரிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். கடை முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. அந்த அம்மா சாக்கை விரித்துப் போட்டுப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு பார்வை.

"நீதான் ரூல்ஸ் போடற பொண்ணா?"

ஆமாங்க என்றேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். அவளும் வந்து நிலைப்படியில் நின்றாள். எழுதினவரே எழுப்பிக்கொள்ளச் சொல்லியும் இவள் மாட்டேன் என்கிறாளாமே, மகன் சொன்னான், அப்படி என்னத்தை எழுதிவிட்டாள் என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நானா பதில் சொல்வது? என் போனில் அந்தப் பகுதியை எடுத்து அவளிடம் நீட்டினேன். படி என்றார் மாமியார்.

அவள் படித்தாள். முதலில் வாய்க்குள்ளேயே படித்தாள், அப்புறம் குரல் வந்துவிட்டது. பீடி வாங்க வந்த ஒருவர் காசை நீட்டியபடியே நின்று கேட்டார். மாமியார் கை நிற்கவில்லை, புளியைப் பிரித்துக்கொண்டே இருந்தார். ஓடக்காரி மகளைக் கரையில் போட்ட இடம் வந்தபோதுதான் கை நின்றது. அவள் முடித்துவிட்டாள்.

"அப்புறம்?" என்றார்.

அவ்வளவுதான் அத்தை என்றாள் அவள்.

"அந்தப் பொண்ணு?"

கரையில் இருக்கிறது என்றாள்.

"யாரு தூக்கனாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"ஊரே கூடி அழுதீங்க. போஸ்டர் அடிச்சீங்க. நனைஞ்சிக்கினு கெடக்குற புள்ளய ஒருத்தரும் தூக்கலியா?"

அது வேறொருவருடைய ஆள், அவர்தான் எழுத வேண்டும், அடுத்தவர் தொடக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் போட்ட விதி. எல்லாரும் ஒழுங்காக விதிப்படிதான் நடந்தோம். புறா வரைந்தோம், குத்துவிளக்கு வைத்தோம். அந்தக் குழந்தை அன்றைக்கு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மாமியார் உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டு, மேல் தட்டில் இருக்கிற போனை எடுக்கச் சொன்னார். உப்பைத் துடைத்து அவளிடம் கொடுத்தார். மொதல்ல அந்தப் புள்ளய எடுத்து ஒரு வூட்டுக்குள்ள வுடு, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம் என்றார். ஓடக்காரியை எழுப்பச் சொன்னதை மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. போன் செத்துக் கிடந்தது. சார்ஜில் போட்டுவிட்டு அவள் என்னை பஸ் ஏற்றிவிட்டாள். ஒரு பொட்டலம் புளியும் கொடுத்தனுப்பினார்கள்.

பஸ் மலையை விட்டு இறங்கிக் கச்சிராயபாளையத்தில் நின்றபோது என் போனில் சிக்னல் வந்தது. அவளிடமிருந்து இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. புது ஆள் சேர்க்க அனுமதி வேண்டும், துறையில் புளி விற்கிற அம்மா, சொல்வது அத்தை, எழுதுவது நான், விதிப்படி சொந்தப் போட்டோ இணைத்திருக்கிறேன். போட்டோவில் அந்த அம்மா கடை வாசலில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் அனுமதி கொடுப்பதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. புளி விற்கிற அம்மா கரையில் இறங்கி, ஓடக்காரியின் மகளைத் தூக்கி, தன் முந்தானையால் தலையைத் துவட்டுகிறாள். அனுமதி இல்லாமல் எழுதுவது விதிப்படி தப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை.