அறுபத்திரண்டு திரைகளுக்கு ஒரே படம்

சுவரில் படம் மாட்ட ஒரு ஆணியும் சுத்தியலும் போதும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் படம் மாட்டத்தான் என்னைப் போல ஒரு சிஸ்டம் அட்மின் வேண்டியிருக்கிறது. நீங்களும் எங்காவது இதே வேலையில் மாட்டிக்கொண்டவர் என்றால், இதைப் படிக்கும்போது நடுவில் போன் அடிக்கும். எடுக்காதீர்கள். பிரிண்டர் விஷயமாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது ஒரு எவர்சில்வர் பாத்திரக் கம்பெனியில். தலைமை அலுவலகம் தி.நகரில். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கிளைகள், ராயப்பேட்டையில் குடோன். எல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர்கள் அறுபத்திரண்டு. அவற்றுக்கு நான் ஒருவன்.

கேஷியர் குளித்த கதை

எல்லாம் எங்கள் கேஷியரால் வந்த வினை. ஒருநாள் பேங்க்கிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். எம்.டி. அவரைப் பெருமையோடு அழைத்துக்கொண்டு போய் கேஷ் செக்‌ஷனைக் காட்டினார். கேஷியரின் திரையில் கேஷியரே இருந்தார். தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில், அரை டிராயரோடு, வாயைப் பிளந்தபடி சறுக்கி வந்துகொண்டிருந்தார். பேங்க் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

அரை மணி நேரத்தில் எனக்கு அழைப்பு. அடுத்த மாதம் கம்பெனியின் ஆண்டு விழா. எம்.டி.யின் அப்பா, அதாவது கம்பெனியை ஆரம்பித்த பெரியவர், எல்லாக் கிளைகளையும் சுற்றிப் பார்க்க வருகிறார். அதற்குள் எல்லாத் திரையிலும் ஒரே படம் வேண்டும். நான் மூன்று வருடமாக கான்ட்ராக்டில் இருப்பவன். ஆதம்பாக்கத்தில் என் அம்மா எனக்குப் பெண் பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் காபி வருவதற்கு முன்னாலேயே "பர்மனென்ட்டா?" என்ற கேள்வி வந்துவிடும். அது எம்.டி.க்கும் தெரியும். மேஜை டிராயரைத் திறந்து ஒரு கவரைக் காட்டிவிட்டு மூடினார்.

"உன் பர்மனென்ட் ஆர்டர் ரெடியா இருக்கு தம்பி. அன்னைக்கு ஒரு ஸ்கிரீன்ல படம் மாறியிருந்தாலும் இது இந்த டிராயர்லயே பர்மனென்ட்டா இருக்கும்."

பெருமாளைக் காணோம்

ஒரே படத்தை எல்லாத் திரைக்கும் அனுப்புவது பெரிய வித்தை இல்லை. சர்வரில் ஒரு படத்தை வைத்து, இதுதான் எல்லாருக்கும் என்று ஒரு உத்தரவு எழுதிவிட்டால் தீர்ந்தது. அதற்கு குரூப் பாலிசி என்று பெயர். யார் எங்கே லாகின் செய்தாலும் அந்தப் படம்தான் வரும். மாற்றப் போனால், மாற்றும் பொத்தான் மங்கிப்போய் அமுக்கவே வராது. முதலில் வெறும் கம்பெனி முத்திரையை, நீல நிறப் பின்னணியில், அனுப்பினேன்.

காலை ஒன்பதரைக்கு மயிலாப்பூர் கிளையிலிருந்து போன். அக்கவுன்ட்ஸ் கமலா மாமி. மாமியின் திரையில் திருப்பதி பெருமாள் இருந்தார். அவர் மேல் ஒரு ஐகான்கூடப் படாதபடி எல்லாவற்றையும் வலது ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார் மாமி. காலையில் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் பாஸ்வேர்டுக்கு அடுத்த வேலையே நடக்கும். "மாமி, உங்க படம் பத்திரமா உள்ளேதான் இருக்கு, வெளியே தெரியாது, அவ்வளவுதான்" என்றேன்.

"உள்ளேன்னா எங்கேடாப்பா? எம்பெருமாளை அந்தக் குப்பைத்தொட்டி படம் போட்டிருக்கே, அதுக்குள்ள தள்ளிட்டியா?"

காகிதத்துக்குப் பாலிசி உண்டா?

ராயப்பேட்டை குடோனில் பில் போடுபவர் ஏழுமலை அண்ணன். அவர் திரையில் அவருடைய பெண்ணின் படம் இருந்தது. நீல முத்திரை வந்ததும் அவர் போன் செய்யவில்லை, சண்டை போடவில்லை. நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நேரில் போய்ப் பார்த்தால், மகளின் படத்தைப் பெரிய காகிதத்தில் பிரிண்ட் எடுத்து மானிட்டர் மேலேயே செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். திரையின் மேல்பாதி முழுக்க பெண். கீழ்ப்பாதியில் மட்டும் பில் ஓடுகிறது. மேலே இருக்கும் மெனுவுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். காகிதத்தின் முனையை ஒரு விரலால் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, கிளிக் செய்து காட்டினார். என் கவர் டிராயருக்குள் இருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர்ல போட்டா உன் பாலிசி தூக்கினு பூடுது, இப்ப பேப்பர்ல கீது, இத்த இன்னா பண்ணுவ நைனா?"

பெரியவர் இளைத்துவிட்டார்

நீல முத்திரை எம்.டி.க்கு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. "அப்பா போட்டோவைப் போடு" என்றார். போட்டேன். தி.நகரில் எல்லாம் அகலத் திரைகள், பெரியவர் ஜம்மென்று இருந்தார். ஆனால் அடையாற்றில் இன்னும் பழைய சதுர மானிட்டர்கள். அகலப் படத்தைச் சதுரத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்று சிஸ்டம் அட்மின்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்னம் இரண்டும் ஒட்டி, கழுத்து நீண்டு, பெரியவர் பாதி ஆளாகிவிட்டார். அதைச் சரிசெய்யப் போனதில் இரண்டு காதும் வெட்டுப்பட்டன. காதில்லாமல் இருப்பதற்கு இளைத்திருப்பதே மேல் என்று பழையபடி விட்டுவிட்டேன்.

அடையாறு கிளையைப் பார்த்துக்கொள்பவர் ஸ்டெல்லா அக்கா. தங்கமான மனுஷி, யாருக்குத் தலைவலி என்றாலும் கண் கலங்கிவிடும். அவரிடம் சதுரம், அகலம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ மறைக்காதேப்பா, பெரியவருக்கு உடம்புக்கு முடியலைன்னு மூஞ்சியே சொல்லுது, ஞாயித்துக்கிழமை பூசையில அவருக்காக வேண்டிக்கறோம்."

மாலையும் விளக்கும்

விழாவுக்கு முந்தின நாள் எம்.டி. கூப்பிட்டார். படம் மொட்டையாக இருக்கிறதாம், விழாக் களை வேண்டுமாம். நானே உட்கார்ந்து வேலை செய்தேன். படத்துக்கு இரண்டு பக்கமும் ஏற்றி வைத்த குத்துவிளக்கு. மேலே தோரணம். அப்போதும் பெரியவரைச் சுற்றிக் கொஞ்சம் வெறிச்சென்று இருந்ததால் ஒரு ரோஜா மாலை எடுத்து சட்டத்துக்குப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சதுரத் திரையில் விளக்கு வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். மாலை போட்ட படத்துக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அடையாற்றில் ஒவ்வொருவராக லாகின் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே இளைத்திருந்தவர் இப்போது மாலையும் விளக்குமாக வந்து நின்றிருக்கிறார். ஸ்டெல்லா அக்கா ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டார். குக்கர் வாங்க வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆளனுப்பி ஆளுயர ரோஜா மாலை ஒன்றும் வாங்கியாகிவிட்டது. அக்கா பெரியவர் வீட்டுக்குப் போன் செய்து, மாலைகூட வாங்கிவிட்டோம், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அழுதுகொண்டே கேட்டிருக்கிறார். போனை எடுத்தது பெரியவர்.

"நான் இன்னும் கிளம்பலைம்மா, நாளைக்குத்தான் அங்க வர்றேன், அதுவரைக்கும் மாலையை ஃப்ரிட்ஜ்ல வைங்க."

விழா நாள்

முந்தின ராத்திரியே மாலையையும் விளக்கையும் எடுத்துவிட்டேன், பெரியவர் மட்டும் வெறுமனே சிரிக்கும் படத்தை அறுபத்திரண்டு திரைக்கும் அனுப்பிவிட்டேன். ஆனால் மாலை விவகாரம் எம்.டி.யின் காதுக்கு எட்டியிருந்தது. கிளை கிளையாக என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். அடையாற்றில் பெரியவர் முதல் வேலையாக "என் மாலை எங்கம்மா?" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஜில்லென்று இருந்திருக்கும், தோளைக் குலுக்கினார். மயிலாப்பூரில் கமலா மாமி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபது திரைகள் வரை எல்லாம் ஒரே படம். கடைசியாகக் குடோன்.

ஏழுமலை அண்ணன் எனக்காக ஒரு வழி செய்திருந்தார். மகளின் படத்தை எடுக்க மனமில்லாமல், பெரியவரின் படத்தை பிரிண்ட் எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் திரை மாதிரியே இருந்தது. பெரியவர் கிட்டே வந்து நின்றார். பெரியவருக்கு வேர்க்குமே என்று யாரோ ஃபேனைக் கூட்டினார்கள். பெரியவரின் முகம் மெல்லப் படபடத்து, பிய்த்துக்கொண்டு பறந்து, எம்.டி.யின் காலடியில் போய் விழுந்தது. திரையில் ஏழுமலையின் பெண் சிரித்தாள்.

"யாருப்பா இந்தக் குழந்தை?" என்றார் பெரியவர். "என் பொண்ணுங்க ஐயா, நர்சிங் படிக்குது. காலைல அத்த பாத்துட்டுதான் பில்லே போடுவேன்" என்றார் ஏழுமலை. பெரியவர் கீழே கிடந்த தன் படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எவன்டா சந்தோஷமா வேலை செய்வான்? அவங்கவங்க படத்தை அவங்கவங்களுக்கே குடுத்துடு." எம்.டி. மெதுவாக என் பக்கம் திரும்பி, இவன்தான் நேற்று மாலை போட்டவன், இன்றோடு இவனை அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். பெரியவர் தன் கழுத்து மாலையைத் தடவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெளியில விட்டா இவன் இன்னும் எத்தனை பேருக்கு மாலை போடுவானோ, பர்மனென்ட் பண்ணி நம்ம கண்ணு முன்னாடியே வெச்சுக்கோ."

இப்போது மாமிக்குப் பெருமாள் திரும்பிவிட்டார், கேஷியர் மறுபடி சறுக்குகிறார், அவசரத்தில் பாலிசியை எடுக்க மறந்துபோன ஒரே கம்ப்யூட்டரான என்னுடையதில் மட்டும் பெரியவர் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.