அண்ணன் பாதியில் நிறுத்திய ஸ்பிரிங் வேலை

வெள்ளிக்கிழமை காலை பூசை அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது சரோஜா அண்ணி போன் செய்தார். "பாப்பா, ஒங்க அண்ணன் எழுந்திரிக்கல. கூப்பிட்டுப் பாத்துட்டேன். நீ வா" என்றார். விளக்கை ஏற்றாமலே அடுத்த தெருவுக்கு ஓடினேன். என் அண்ணன் கலியபெருமாள் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். அவருக்கு ஒரு சிரமமும் வைக்காத ஈசன், எங்களுக்கு ஒரு வார்த்தை பேச நேரம் கொடுக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் போலகம். அண்ணன் காரைக்காலில் அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, தலத்தெருவில் வீடு கட்டிக்கொண்டவர். எதையும் முன்னேற்பாடு இல்லாமல் தொடமாட்டார். என் கல்யாணத்தன்று சமையல்காரர் வருவதற்கு முன்பே அடுப்புக் கல்லை எல்லாம் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "ஆடுனா இப்பவே ஆடட்டும். சாம்பார் கொதிக்கறப்ப ஆட வேணாம்" என்றார். கல்யாண வீடே சிரித்தது.

போன வருஷம் அண்ணிக்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போக வேண்டும். அவர்களுடைய கார் பழையது. கடல் காற்றில் அடிப்பக்கமெல்லாம் துரு ஏறி, குலுக்கலைத் தாங்கும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் செத்துப்போயிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அண்ணி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வார். அண்ணன் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். பட்டறையில் கேட்டதற்கு, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதும் என்றார்களாம். "ஒத்தக் கால்ல செருப்பு போட்டா நடை என்னாவும்? நானே ஜோடியா மாத்துறேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் அதே வேலைதான். இந்த வேலையைச் செய்து காட்டும் வீடியோக்களைச் செல்போனில் பார்த்தார். துருப்பிடித்த நட்டுகளுக்குத் தினமும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். புது ஷாக், ஸ்பிரிங், ரப்பரை எல்லாம் பழைய வேட்டியில் பரப்பி, வலது இடது ஒத்துப் பார்த்தார். எதிர் வீட்டு ஜபருல்லா பாய் துபாயில் இருந்து திரும்பியவர், வாய் சும்மா இருக்காது. "சாரு, இது ஃபைலு தொறக்குற மாதிரி இல்ல. ஸ்பிரிங் தெறிச்சா நாகூர்ல போய்த்தான் பொறுக்கணும்" என்றார்.

கேலி செய்தாலும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியைத் தெரிந்த பட்டறையில் இரவல் வாங்கி வந்தவர் அவர்தான். கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகுகள். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கொக்கிகளில் காய்ந்து ஒட்டியிருந்தன. அண்ணன் துடைக்கத் துணி எடுத்தார். "பூசை போட்டது, இருக்கட்டும்ணே" என்றேன். எனக்காக விட்டுவிட்டார்.

மறுநாள் தஞ்சாவூர் போக வேண்டும். அண்ணன் காரை ஜாக்கியால் தூக்கி முட்டுக்கட்டையில் நிறுத்தி, ஒரு பக்கத்து ஷாக்கை ஸ்பிரிங்கோடு கழற்றித் தரையில் கிடத்தினார். இரண்டு பக்கமும் கொக்கியை மாட்டி, மாற்றி மாற்றித் திருகினார். ஸ்பிரிங் சுருங்கச் சுருங்க நானும் அண்ணியும் பாயும் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் கை நின்றது. ஒரு கொக்கியில் காய்ந்திருந்த சந்தனம் கோடு போட்ட மாதிரி பிளந்து உதிர்ந்திருந்தது. குனிந்து பார்த்தார். சந்தனத்துக்கு அடியில் இரும்பிலும் அதே கோட்டில் விரிசல் இருந்தது.

"எல்லாரும் உள்ள போங்க."

"நான் ஒரு பக்கம் புடிக்கிறேன் சாரு" என்றார் பாய். இப்போது கேலி இல்லை.

"வேணாம் பாய். ஒரு ஆளு போதும். இவங்கள அழைச்சிக்கிட்டுப் போங்க."

பாதி அமுங்கிய ஸ்பிரிங்கை அப்படியே விடவும் முடியாது. பழைய மெத்தையைச் சுற்றி வைத்து, ஸ்பிரிங்குக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்து, நீளமான ஸ்பேனரால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தளர்த்தினார். ஜன்னலுக்குள் நின்ற எனக்குப் பஞ்சாட்சரம்கூடப் பாதியில் மறந்தது. நிற்கவே முடியாத அண்ணி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை 'ணங்'கென்று இரும்பு சத்தம் போட்டது. அண்ணன் அசையவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி திருகினார். கடைசியில் கொக்கி தானாகக் கழன்று சரிந்தது.

"சாமிதாண்ணே காட்டிக் குடுத்துச்சு" என்றேன். "யாரு காட்டுனாலும் சரி, பாத்துட்டோம்" என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு ஏற்பாடு பண்ணிட்டுப் பாதில விடும்படி ஆயிருச்சே" என்றார்.

"விடுறதும் ஏற்பாட்டுல சேந்ததுதான் பாய்."

அண்ணியிடம் வந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரி போகல சரோஜா. இன்னும் ஒரு வாரம் ஒனக்கு வலி இருக்கும்" என்றார்.

"என் முதுகு வலிய நான் பொறுத்துக்குவேன். ஒங்க கை போயிருந்தா எப்படிங்க பொறுப்பேன்" என்றார் அண்ணி.

அடுத்த வாரம் பாய் நாகப்பட்டினத்தில் இருந்து வேறு கருவி கொண்டுவந்தார். அண்ணன் இரண்டு பக்கமும் மாற்றி முடித்தார். தஞ்சாவூர் போகும் வழியில் அண்ணி தூங்கிவிட்டாராம். "எழுப்ப மனசு வரல பாப்பா, ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்தேன்" என்று அண்ணன் வந்து சொன்னபோது, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அண்ணனை எடுத்தார்கள். அமரர் ஊர்தியில் ஏற்றும்வரை அழாமல் இருந்த அண்ணி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தார். ஓட்டுநரின் ஜன்னலைத் தட்டினார்.

"தம்பி, திருப்பத்துல பள்ளம் இருக்கு. மெதுவாப் போங்க. அவருக்குக் குலுங்காம."

அந்தப் பிள்ளை தலையாட்டினான். வண்டி பள்ளத்தில் மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. போய் வாங்கண்ணே.