அக்காவின் தாடைக்குத் தடவிய களிம்பு

1943ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் என் அக்கா இறந்தாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை முதல் செவ்வாய்க்கிழமை வரை நான்கு நாள் அவள் தாடைக்குக் களிம்பு தடவியவன் நான். எந்த வேளையில் எத்தனை முறை தடவினேன் என்பதற்கு நோட்டு இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி சேலம் ஜில்லாவில் இருந்தது. யுத்தக் காலம். கேழ்வரகு கிடைப்பது அரிதாகியிருந்தது. மாசி, பங்குனியில் புளி தட்டும் வேலை வந்ததும் பெண்கள் களத்தில் வரிசையாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, கூரான இரும்புக் கம்பியால் கொட்டையைக் குத்தி எடுப்பார்கள். அந்தக் கொட்டையை வறுத்து, கறுப்புத் தோலை இடித்து நீக்கி, கடைவாயில் அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் மெல்லுவார்கள். பசி தெரியாது. ஆனால் பத்து நாளில் தாடை பிடித்துக்கொள்ளும். காதுக்கு முன்னால் சொடுக்குச் சத்தம் கேட்கும். கொட்டாவி விட முடியாது. ஊரில் இதை ஒரு நோயாகவே யாரும் எண்ணவில்லை. கொட்டை தின்றவர்களுக்கு வருவது என்று சொல்லிவிடுவார்கள்.

நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றில் மூட்டு வலிக்குச் சொல்லியிருந்ததைத் தாடைக்கு ஏற்றபடி மாற்றினேன். நொச்சியிலைச் சாற்றை விளக்கெண்ணெயில் நீர் வற்றக் காய்ச்சி, சித்தேரி மலைக்காரர்கள் கொண்டுவரும் தேன்மெழுகை அதில் உருக்கி, ஆறிவரும்போது கற்பூரம் பொடித்துப் போட்டுக் கிளறினால் களிம்பு. பல்லைக் கடிக்கச் சொன்னால் தாடை மூலையில் தசை புடைத்து வரும். அங்கே வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு காதுக்கு முன்னால் மூட்டின் மேல். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் பல் வரிசைகளுக்கு நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று அளந்து எழுதுவேன். இரண்டு விரல் திறந்த வாய் மூன்றாம் நாள் மூன்று விரல் திறக்கும். களிம்பு தடவுகிற நாட்களில் கொட்டை தின்னக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். அவர்களைக் குணமாக்கியது அந்தச் சொல்தான் என்று இன்று தோன்றுகிறது. அன்று எல்லாப் புகழையும் களிம்புக்கே கொடுத்தேன்.

அக்காவின் கணவர் பட்டாளத்தில் இருந்தார். அதனால் அவள் எங்களோடு இருந்தாள், எல்லோரையும் போலப் புளிக்குப் போனாள். ஒரு வியாழக்கிழமை கம்பி நழுவி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ஒட்டடையை எடுத்து அழுத்திக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வந்தாள். வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் எழுதி வைக்கவில்லை. தாடை நோட்டில் கட்டைவிரலுக்கு என்ன வேலை?

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை காலை, வாய் இறுக்கமாக இருக்கிறது என்றாள். அளந்தேன். இரண்டு விரல். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. இத்தனை நாள் என் களிம்பைக் கேலி செய்தவள் கடைசியில் என்னிடம் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வைத்தியரே, நல்லா மணக்குதுங்களே, தடவறதா, களிக்குத் தொட்டுக்கறதா?" என்றாள்.

ஞாயிறன்று ஒன்றரை விரல். திங்களன்று ஒரு விரல், கழுத்தும் பிடிக்கிறது என்றாள். மற்றவர்களுக்குத் தேறிய மூன்றாம் நாளில் இவளுக்கு மோசமாகியிருந்தது. கற்பூரத்தைக் கூட்டினேன். அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். 'களிம்பு கழுத்துக்கும்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: 'சொன்னதைக் கேட்பதில்லை.' யாருக்கும் தெரியாமல் அவள் கொட்டை தின்கிறாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அம்மா எதிரிலேயே கேட்டும் விட்டேன்.

"இல்லடா தம்பி," என்றாள், பல்லுக்கு நடுவிலிருந்து. "தின்னல. எங்கிட்ட எதுக்குடா கோவிக்கற?"

நான் நம்பவில்லை. அன்று மாலை அவள் அழுதாள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

செவ்வாயன்று அடுப்படியில் ஒரு சொம்பு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அக்காவின் உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து பாயிலிருந்து எழும்பியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் வளைந்தாள். அம்மா அவள் காதுகளைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தாடையைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கேயாவது காயம் பட்டதா என்று கேட்டார். கட்டைவிரலைக் காட்டினோம். மூடி ஆறிப்போய் ஒரு கறுப்புப் புள்ளிதான் இருந்தது. காயத்தின் வழியாக உள்ளே போகும் விஷம் முதலில் தாடையைப் பூட்டும் என்றார். நான் களிம்பு டப்பாவை நீட்டினேன். முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். வாய் என்றைக்கு இறுகியது என்று கேட்டார். நாள், வேளை, விரல் கணக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவ்வளவு சரியாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊசி போட்டார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். அதை என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, உண்மையாகவா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

அவளை இருட்டறையில் வைத்தார்கள். புதன்கிழமை பிற்பகல் அம்மா வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்கறாடா. வந்து பாரு. வலி வுட்டுருச்சு."

உள்ளே போனேன். உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய, புருவம் ஏறியிருந்தது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. அது சிரிப்பு அல்ல, முகத்துத் தசைகளும் இறுகிக்கொள்வதால் வருவது என்று டாக்டர் தனியாகச் சொன்னார். நான்கு நாள் என் விரலால் தேய்த்த தசைகள் அவை. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில், வீட்டுக்குப் போனதும் என்ன ஆக்கித் தருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரியங்கள் முடிந்தபின் பட்டாளத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசில சிரிச்ச மொகமாப் போனான்னு எழுதுப்பா. அவரு மனசு ஆறும்."

எழுதினேன்.

யுத்தம் முடிந்து அடுத்த ஆண்டு தை மாதம் அக்காவின் கணவரான மாமா வந்தார். மடித்து மடித்துக் கிழிந்த அந்தக் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"நெஜமா சிரிச்சாளா மாப்ள?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க மாமா," என்றேன்.

என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.